ஒரே இரவு, ஒரே படம்: எழுபதுகளின் பிரிட்டிஷ் ரத்தக் காட்டேரிகளில் எதை முதலில் பார்ப்பது?

"மாமா, ஒரே ஒரு படம் சொல்லுங்கள். பிடித்தால் மேற்கொண்டு பார்க்கிறேன். பிடிக்காவிட்டால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டேன்" என்றாள் என் அக்கா மகள். வாரத்தில் சனிக்கிழமை இரவு மட்டும்தான் அவளுக்கு ஓய்வு. என் அலமாரியில் இருக்கும், ஹாமர் என்ற பிரிட்டிஷ் திகில் பட நிறுவனத்தின் படங்களைப் பற்றிச் சின்ன வயதிலிருந்து என்னிடம் கதையாகக் கேட்டிருக்கிறாள், ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

உடனே பதில் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. இந்த வகைப் படங்களில் முதல் படம் தவறிவிட்டால் ஆள் திரும்பி வருவதில்லை. கயிற்றில் ஆடும் ரப்பர் வௌவாலையும் தக்காளிச் சிவப்பில் வழியும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று எழுந்துபோன நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் மேல் தவறில்லை. அவர்களுக்கு நான் எடுத்துக் கொடுத்த படம் தவறு. ஆகவே ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ஐந்து படங்களை மறுபடி பார்த்தேன்.

ஏன் எழுபதுகள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஹாமரின் பொற்காலம் என்று எல்லோரும் சொல்வது அதற்கு முந்தைய காலத்தை. 1958-ல் டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய 'டிராகுலா', டிராகுலாவாக நடித்த கிறிஸ்டோபர் லீயையும் அவனை வேட்டையாடுபவராக நடித்த பீட்டர் குஷிங்கையும் உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. தேம்ஸ் ஆற்றங்கரையில் பிரே என்ற இடத்தில் ஒரு பழைய மாளிகையையே ஸ்டூடியோவாக வைத்துக்கொண்டு, அதே படிக்கட்டையும் அதே கூடத்தையும் மாற்றி மாற்றி அலங்கரித்துப் படமெடுத்தார்கள். எழுபதுகள் வந்தபோது பிரே கைவிட்டுப் போயிருந்தது. படப்பிடிப்பு எல்ஸ்ட்ரீக்கும் பைன்வுட்டுக்கும் மாறியிருந்தது. அமெரிக்கப் பணம் மெல்ல வற்றிக்கொண்டிருந்தது. 1970 ஜூலையில் 'எக்ஸ்' சான்றிதழ் பெற்ற படங்களுக்கான வயது வரம்பு 16-லிருந்து 18 ஆனது. வயது வந்தவர்களுக்கு மட்டும் என்றானபின், இதுவரை மறைத்ததைத் திறந்து காட்டலாம் என்ற துணிச்சலும் வந்தது.

பழைய சூத்திரம் விலைபோகவில்லை. புதியது என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் எல்லாவற்றையும் முயன்று பார்த்தார்கள். ஐந்தே வருடங்களில் பெண் காட்டேரி, இரட்டையர், சர்க்கஸ், வாள்வீரன், சமகால லண்டன் என்று ஓடி, கடைசியில் ஷா பிரதர்ஸ் என்ற பட நிறுவனத்துடன் கைகோத்து ஹாங்காங்வரை போய்விட்டார்கள். ஒன்றுபோல் ஒன்று இல்லை. எனக்கு இந்தக் காலத்தின்மீது பிரியம் வந்ததும் இதனால்தான். அக்கா மகளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது கடினமானதும் இதனால்தான்.

பெரும்பாலானோர் கைநீட்டுவது 'டிராகுலா ஏ.டி. 1972'-ஐ. லீ இருக்கிறார், குஷிங் இருக்கிறார். ஹாமரின் டிராகுலா வரிசையில் 1958-க்குப் பிறகு இருவரும் முதன்முறையாக மீண்டும் நேருக்கு நேர் மோதுவது இதில்தான். தொடக்கமும் அபாரம். 1872, ஹைட் பார்க், தறிகெட்டு ஓடும் குதிரை வண்டியின் மேல் சண்டை, உடைந்த சக்கரத்தின் ஆரக்கால் டிராகுலாவின் நெஞ்சில் பாய்கிறது. கல்லறையிலிருந்து கேமரா வானத்துக்கு உயர்கிறது. அங்கே ஒரு ஜெட் விமானம் பறந்துகொண்டிருக்கிறது. நூறு ஆண்டுகள் அந்த ஒரே வெட்டில் கடந்துவிடுகின்றன.

அதற்குப் பிறகுதான் சங்கடம். செல்சீ இளைஞர்கள், விருந்து, ராக் இசைக்குழு என்று படம் அந்த ஆண்டின் நாகரிகத்தைத் துரத்துகிறது. அந்த நாகரிகம் அடுத்த ஆண்டே பழசாகிவிட்டது. டிராகுலாவோ பாழடைந்த தேவாலயத்தை விட்டு வெளியே வருவதே இல்லை. லண்டன் தெருவில் அவன் நடந்துவரும் ஒரு காட்சிக்காகப் படம் முழுக்கக் காத்திருந்தேன், வரவே இல்லை. லீக்கு வசனமும் சொற்பம். ஆனால் குஷிங் மேசையில் உட்கார்ந்து, அலுகார்ட் என்ற இளைஞனின் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதி, கீழே டிராகுலா என்று எழுதி, மேலுள்ள எழுத்துகளைக் கீழுள்ளவற்றோடு ஒவ்வொரு கோடாக இணைக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. டிராகுலாவின் ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து எழுதினால் அலுகார்ட்; பார்ப்பவருக்கு விடை முன்பே தெரியும். ஆனாலும் அந்தப் பேனா நகரும்போது அவர் முகத்தில் பதற்றம் ஏறுவதைப் பார்த்தால் நமக்கும் ஏறுகிறது. நடிப்பு என்றால் என்ன என்று கேட்பவருக்கு அந்த அரை நிமிடத்தைப் போட்டுக் காட்டுவேன். முழுப் படத்தை முதல் படமாகக் கொடுக்க மாட்டேன். முந்தைய படங்களைப் பார்த்து இருவர்மீதும் பாசம் வைத்தவர்களுக்கு உரியது அது.

1970-ல் வந்த 'ஸ்கார்ஸ் ஆஃப் டிராகுலா'வையும் இதே காரணத்துக்காக ஒதுக்கிவிட்டேன். ரப்பர் வௌவால் என்று சொன்னேனே, அது அங்கேதான் இருக்கிறது.

அடுத்தது 'தி வாம்பயர் லவ்வர்ஸ்', 1970. இதைத் தள்ளுவது எளிதாக இல்லை. ஷெரிடன் லெ ஃபானு 1872-ல் எழுதிய 'கார்மில்லா' என்ற குறுநாவலின் திரைவடிவம் இது. பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' 1897-ல்தான் வந்தது. இருவருமே டப்ளின்காரர்கள், மூத்தவர் கால் நூற்றாண்டுக்கு முன்பே பெண் காட்டேரியை எழுதிவிட்டார். ஆஸ்திரியாவின் ஸ்டிரியா மலைப்பகுதி. ஒரு சீமாட்டி தன் மகள் என்று சொல்லி ஓர் இளம்பெண்ணை ஒரு வீட்டில் விருந்தாளியாக விட்டுவிட்டுப் போகிறாள். அந்த வீட்டுப் பெண் நாளுக்கு நாள் வெளிறிப் போகிறாள். இறக்கிறாள். விருந்தாளி வேறு பெயரில் அடுத்த வீட்டுக்குப் போகிறாள்.

படத்தைத் தாங்குவது இன்கிரிட் பிட். வார்சாவில் 1937-ல் பிறந்து, குழந்தைப் பருவத்தில் ஸ்டுட்ஹோஃப் நாஜி முகாமில் இருந்து பிழைத்து வந்தவர். அதைத் தெரிந்துகொண்டபின் ஒரு காட்சியை என்னால் பழையபடி பார்க்க முடிவதில்லை. தோட்டத்தில் இருக்கும்போது சவ ஊர்வலம் ஒன்று கடந்துபோகிறது. கார்மில்லா பதறுகிறாள், அந்தப் பாட்டு வேண்டாம் என்கிறாள், அந்த அடுத்த வீட்டுப் பெண் எம்மாவை இறுகப் பற்றிக்கொண்டு அழுகிறாள். கொன்றவள் அவள்தான், ஆனாலும் அந்த அழுகை பொய்யில்லை. சாகவும் முடியாமல் வாழவும் முடியாமல் இருக்கும் ஒருத்தியின் களைப்பு அந்த முகத்தில் இருக்கிறது. ரத்தக் காட்டேரியை இரக்கத்துக்குரியவளாகக் காட்டிய படங்களில் இதற்கு முன்வரிசை கொடுப்பேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் தயங்குகிறேன்? இயக்குநர் ராய் வார்ட் பேக்கர் கண்ணியமாக எடுத்திருக்கிறார் என்றாலும், புதிதாகக் கிடைத்த 18 வயதுச் சான்றிதழைப் பயன்படுத்தியே தீர வேண்டும் என்ற அவசரம் பல இடங்களில் தெரிகிறது. கதைக்குத் தேவையான நெருக்கம் எது, போஸ்டருக்குத் தேவையான நிர்வாணம் எது என்று பார்ப்பவர் பிரித்துக்கொண்டே போகவேண்டியிருக்கிறது. நடுப்பகுதி மெதுவாக நகர்கிறது. அக்காவும் அத்தானும் ஹாலில் உட்கார்ந்திருக்கும் வீட்டில் போடக்கூடிய படமும் அன்று. தனியாக, பொறுமையாக, லெ ஃபானுவைப் படித்துவிட்டுப் பார்த்தால் நெஞ்சில் நிற்கும். படிக்கும் பழக்கம் உள்ளவர் கேட்டிருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

'கேப்டன் க்ரோனோஸ்: வாம்பயர் ஹன்டர்' இதற்கு நேர் எதிர். பயமும் சுவையும் கலந்த பயணக்கதை. தொலைக்காட்சித் தொடர்களில் பெயர் வாங்கிய பிரையன் கிளெமென்ஸ் எழுதி இயக்கினார். 1972-ல் எடுத்து முடித்ததை 1974-ல்தான் வெளியிட்டார்கள். நாயகன் ஹோர்ஸ்ட் யான்சன், துணைக்குக் கூன் விழுந்த பேராசிரியர் க்ரோஸ்ட், வழியில் சேர்ந்துகொள்ளும் கரோலின் மன்ரோ. இந்தக் காட்டேரி உறிஞ்சுவது இளமையை. பூப்பறிக்கப் போன தோழி திரும்பி வருவதற்குள், கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்த இளம்பெண் கிழவியாகச் சுருங்கிக் கிடக்கிறாள்.

இந்தப் படத்தின் அழகு அதன் நாட்டார் அறிவில் இருக்கிறது. செத்த தேரையைப் பெட்டியில் அடைத்து வழியில் புதைத்துவைக்கிறார்கள்; காட்டேரி அந்தப் பக்கம் கடந்தால் தேரை உயிர்பெற்றுவிடும். காட்டேரிகளில் பல சாதி உண்டு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதத்தில்தான் சாகும் என்கிறார் க்ரோஸ்ட். அதனால், கடிபட்டு மாறிவிட்ட தங்கள் நண்பர் டாக்டர் மார்கஸை, அவர் கேட்டுக்கொண்டபடியே கொல்ல முயலும்போது எது பலிக்கும் என்று தெரியாமல் ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கவேண்டியிருக்கிறது. ஆப்பு பலிக்கவில்லை. தூக்கு பலிக்கவில்லை. நண்பனை வதைத்துக்கொண்டே அவனுக்கு விடுதலை தேடும் அந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். பேய்க்கு இன்ன காவல், முனிக்கு இன்ன பரிகாரம் என்று பாட்டி சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தர்க்கம் அந்நியமாகவே படாது. இவ்வளவு இருந்தும் இதை முதல் படமாகச் சொல்லவில்லை. காரணம் ஒன்றுதான்: பழைய விதிகள் தெரிந்தவருக்குத்தான் அவற்றை இந்தப் படம் எவ்வளவு அழகாக மீறுகிறது என்பது தெரியும். பதினைந்து வயதுப் பையன்கள் நான்கு பேர் கூடியிருக்கும் இரவென்றால் மட்டும் யோசிக்காமல் இதைப் போட்டுவிடலாம்.

மீதி இருந்தவை இரண்டு. கடைசி மூன்று நாளும் இவற்றுக்கு நடுவில்தான் அல்லாடினேன்.

'வாம்பயர் சர்க்கஸ்', 1972. ராபர்ட் யங்கின் முதல் திரைப்படம். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் அதன் முன்கதையே தனியாக ஒரு குறும்படமாக நிற்கும். ஆசிரியரின் மனைவி ஒரு சிறுமியைக் கையைப் பிடித்துக் கோட்டைக்கு அழைத்துப் போகிறாள். உள்ளே மிட்டர்ஹவுஸ் பிரபு காத்திருக்கிறான். ஊரார் திரண்டு வந்து அவனைக் கொல்கிறார்கள். சாகும்போது உங்கள் பிள்ளைகள் சாவார்கள் என்று சபிக்கிறான். பதினைந்து ஆண்டுகள் கழித்து ஸ்டெட்டல் என்ற அந்த ஊரில் கொள்ளைநோய். சுற்றிலும் துப்பாக்கியோடு காவல். வெளியேற முயல்பவரைச் சுட்டுவிடுகிறார்கள். ஒருவரும் உள்ளே வர முடியாத அந்த ஊருக்குள் ஒரு சர்க்கஸ் மட்டும் வந்து சேர்கிறது. எப்படி வந்தது என்று கேட்பார் இல்லை. பசியும் பயமுமாகக் கிடந்த சனம் வேடிக்கை பார்க்கக் கூடிவிடுகிறது.

பெருந்தொற்றுக் காலத்தில் ஊரடங்கி வீட்டுக்குள் கிடந்த நமக்கு இந்தக் கதை முன்னைவிட நெருக்கமாகப் படுகிறது. அடைபட்டுக் கிடந்த அந்த நாட்களில் ஒரு வித்தைக்காரன் வாசலுக்கு வந்திருந்தால் நாமும் கதவைத் திறந்திருப்போம். உடம்பெங்கும் புலிவரி தீட்டிய பெண்ணின் ஆட்டம், அந்தரத்தில் குட்டிக்கரணம் அடித்து வௌவாலாகும் இரட்டையர், கருஞ்சிறுத்தையாகத் தாவி மனிதனாக இறங்கும் எமில் எல்லாமே எளிமையான ஒட்டுவெட்டு வேலைகள்தான். ஒரு தாவல், ஒரு வெட்டு, அடுத்த நொடியில் விலங்கு. ஆனாலும் கனவில் நடப்பதுபோல் நம்பிவிடுகிறோம். ஏட்ரியன் கோரி அந்தக் கூட்டத்தின் தலைவியாகக் கண்களாலேயே ஊரை ஆட்டிவைக்கிறார்.

குறை என்று பார்த்தால், ஆறு வாரக் கெடு முடிந்ததும் படப்பிடிப்பை நிறுத்திவிட்டார்கள். சில காட்சிகள் எடுக்கப்படவே இல்லை. கிடைத்ததை வைத்துக் கோத்தார்கள். அந்தத் தையல் சில இடங்களில் தெரிகிறது. இதை நான் பொறுத்துக்கொள்வேன். முதன்முதலாக வருபவர் கதை எங்கே விட்டது என்று தடுமாறுவார். இன்னொன்றும் இருக்கிறது. இதில் சாவது குழந்தைகள். கண்ணாடி மண்டபத்துக்குள் ஆசையாக நுழையும் சிறுவர்கள் இருவரின் கதி என்னை ஒரு நாள் முழுக்கத் தொந்தரவு செய்தது. அக்கா மகள் வேலை பார்ப்பது பள்ளிக்கூடத்தில்.

ஆக, நான் எடுத்துக் கொடுத்தது 'ட்வின்ஸ் ஆஃப் ஈவில்', 1971. இயக்கம் ஜான் ஹஃப். 87 நிமிடம்.

பெயரைக் கேட்டு ஏமாந்துவிட வேண்டாம். போஸ்டரில் இருப்பவர்கள் மால்டாவைச் சேர்ந்த ஒரே அச்சான இரட்டையர் மேரி, மேடலின் காலின்சன். ஒரு கவர்ச்சிப் பத்திரிகையில் வந்த படங்களால்தான் அவர்களுக்கு வாய்ப்புக் கிடைத்தது. வியாபாரக் கணக்கு அவ்வளவுதான். ஆனால் படத்துக்குள் நடப்பது வேறு. தாய்தந்தையை இழந்த இரு பெண்கள் வெனிஸிலிருந்து கார்ன்ஸ்டைன் என்ற ஊருக்கு, அத்தை கேட்டியின் வீட்டுக்கு வருகிறார்கள். மாமா குஸ்தாவ் வைல் ஊரில் பக்திமான்களின் சங்கம் ஒன்றுக்குத் தலைவர். கறுப்பு உடை, கறுப்புத் தொப்பி, குதிரை. இரவானால் அவர்கள் கிளம்பிப் போகிறார்கள். காட்டோரம் தனியாக வாழும் பெண் யாராவது இருந்தால், அவளைச் சூனியக்காரி என்று இழுத்து வந்து மரத்தில் கட்டி எரிக்கிறார்கள். எரிப்பதற்கு முன் பிரார்த்தனை செய்கிறார்கள்.

அந்த வைல்தான் பீட்டர் குஷிங். அதுவரை ஹாமரின் டிராகுலா படங்களில் சிலுவையோடு வந்து நம்மைக் காத்தவர் அவர். இங்கும் கையில் அதே சிலுவை, கண்ணில் அதே உறுதி. ஆனால் எதிரே கட்டிவைக்கப்பட்டிருப்பவள் ஒன்றுமறியாத பெண். முந்தைய படங்களைப் பார்த்திராதவருக்கும் இது புரியும். பார்த்தவருக்கு அடிவயிற்றில் உதைக்கும்.

குஷிங்கின் முகத்தைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். கன்னம் ஒட்டி, எலும்பு துருத்தி, கண்கள் உள்ளே போயிருக்கும். அது ஒப்பனையில்லை. அவருடைய மனைவி ஹெலன் 1971 ஜனவரியில் இறந்தார். அவர் நோய் முற்றியதால்தான் குஷிங் அதற்குச் சற்று முன்பு ஹாமரின் மற்றொரு படத்தை ஒரே நாள் படப்பிடிப்போடு விட்டுவிட்டுப் போனார். இறந்து சில வாரங்களிலேயே இந்தப் படத்துக்கு வந்து நின்றார். அப்போது அவருக்கு 57 வயது. பார்த்தால் எழுபது சொல்லலாம். தனக்கு நடந்ததை அவர் பாத்திரத்துக்குள் கொட்டவில்லை. வைல் ஒரு கல். ஆனால் தான் எரித்தவர்கள் குற்றமற்றவர்களாக இருந்திருக்கலாமோ என்ற ஐயம் முதன்முதலாக அந்தக் கல்லில் விழும் இடத்தில் வாய் லேசாகத் திறந்து மூடுகிறது. வசனம் இல்லை. அந்த ஒரு அசைவுக்காகவே இந்தப் படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு காரணம், கதையின் கணக்கு. மலைமேல் கோட்டையில் கார்ன்ஸ்டைன் பிரபு செய்யும் அக்கிரமம் ஊருக்கே தெரியும். ஆனால் அவன் சக்கரவர்த்திக்கு வேண்டியவன். சங்கத்தார் அவன் வாசலில் நின்று கத்தலாம், தொட முடியாது. தொட முடிந்தது யாரை? மரவெட்டியின் மகளை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதை நெருப்பில் எழுதிக் காட்டியதுபோல் இருக்கிறது. நடுவில், இசை சொல்லிக் கொடுக்கும் ஆன்டன் ஓர் உண்மையை எடுத்துச் சொல்கிறான்: ரத்தக் காட்டேரி தீயில் சாகாது, ஆப்பு அடிக்க வேண்டும், இல்லையென்றால் தலையை வெட்ட வேண்டும். அந்த வாக்கியத்தின் பொருள் உறைப்பதற்குச் சில நொடிகள் ஆகும். அப்படியானால் இத்தனை நாள் எரித்ததெல்லாம்?

கேத்லீன் பைரனைப் பற்றிச் சொல்லாமல் விடமுடியாது. கேட்டி அத்தையாக அவருக்குக் காட்சிகள் குறைவு. கணவன் புகை வாசத்தோடு வீடு திரும்பும்போது அவனை ஏறிட்டுப் பார்க்கிறார். பயமும் பழகிப்போன அன்பும் ஒரே பார்வையில் இருக்கின்றன. இப்படி ஒரு கணவனோடு குடும்பம் நடத்தியவள் எவ்வளவு விழுங்கியிருப்பாள் என்று அந்தப் பார்வை சொல்லிவிடுகிறது.

குறையே இல்லையா? பிரபுவாக வரும் டேமியன் தாமஸ் மிரட்டுவதற்காகச் சில இடங்களில் அளவுக்கு மேல் கண்ணை உருட்டுகிறார். இரட்டையரில் துடுக்கான ஃப்ரீடாவுக்குக் கிடைத்த எழுத்து, அடக்கமான மரியாவுக்குக் கிடைக்கவில்லை. கவர்ச்சிக் காட்சிகள் இதிலும் உண்டு. 'வாம்பயர் லவ்வர்ஸ்' அளவுக்கு இல்லை. ஆனால் ஒரு நிமிடம்கூடத் தொய்வு இல்லை. குதிரைக் குளம்பொலியோடு ஹாரி ராபின்சனின் இசை தொடங்கியதிலிருந்து கடைசிவரை ஓட்டம்தான். கதையைப் புரிந்துகொள்ள முன்னறிவு எதுவும் வேண்டாம்.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. இந்தப் படங்களில் பாதிக்கு மேல் இரவில் நடக்கின்றன. மங்கலான பிரதியில் பார்த்தால் கறுப்பு உடையும் கறுப்புக் குதிரையும் கறுப்புக் காடும் ஒன்றாகிவிடும்; புதுப்பித்த பிரதியையே தேடுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். 'வாம்பயர் சர்க்கஸ்' அமெரிக்காவில் சிறுவர்களும் பெற்றோர் வழிகாட்டலில் பார்க்கலாம் என்ற பி.ஜி. சான்றிதழுக்காக வெட்டப்பட்டது, எனவே 87 நிமிடம் ஓடும் முழு வடிவம்தானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் தூங்கியபின் போடுங்கள். இது ஐந்துக்கும் பொருந்தும்.

அக்கா மகள் அன்று இரவு பதினொன்றரைக்குப் போன் செய்தாள். பயந்துவிட்டாளோ என்று எடுத்தேன். காட்டேரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மாமா, முதலில் எரித்தார்களே ஒரு பெண், அவளைப் பற்றிக் கடைசிவரை யாருமே பேசவில்லையே" என்றாள். கொஞ்ச நேரம் இருவருமே பேசாமல் இருந்தோம். பிறகு அடுத்த சனிக்கிழமைக்கு எது என்று கேட்டாள். 'வாம்பயர் சர்க்கஸ்' என்றேன். குழந்தைகள் விஷயத்தையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பரவாயில்லை, எடுத்து வையுங்கள் என்றாள்.